கன்னியப்பன் நின்ற இடம்

கன்னியப்பன் பாங்க் வேலை கிடைத்துப் போனது எண்பத்தெட்டாம் வருஷம் ஜூனில். அன்றைக்கு எங்கள் கம்பெனி கேன்டீனில் புளிசாதம் பாதிக்கு மேல் மீந்துபோனது.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அப்போது பல கம்பெனிகளுக்குப் பாஸ்கட்பால் டீம் இருந்தது. பெரிய கம்பெனிகள் வெளியூரிலிருந்து ஆளைக் கூட்டிவந்து வேலை கொடுத்து ஆட வைத்தார்கள். எங்களுடையது நடுத்தரக் கம்பெனி. லாரிக்கும் பஸ்ஸுக்கும் வேண்டிய தகட்டுச் சாமான்களைப் பிரஸ்ஸில் அடித்துக் கொடுப்பது தொழில். அதனால் எங்கள் டீமுக்கு எஸ்டேட் முழுக்கத் 'தகரம்' என்று பெயர். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். நாங்களே கேலரியில் உட்கார்ந்து "தகரம்! தகரம்!" என்று கத்த ஆரம்பித்த பிறகு அதில் இருந்த கிண்டல் போய்விட்டது.

காலை ஷிப்டு மூன்று மணிக்கு முடியும். நாலரைக்கு ஆட்டம். கம்பெனிக்குப் பின்பக்கம் சிமென்ட் தரை, ஒரு ஓரம் ஆறு படி வைத்த கேலரி. இரண்டாவது படி பிரஸ் ஷாப் ஆட்களுக்கு. வேறு யாரும் அதில் குந்த முடியாது. எண்ணெய்க் கை, சோப்புக்கும் போகாத இரும்பு வாசனை, கையில் சுலைமான் டீக்கடைப் பொறை ரொட்டி. எஸ்டேட்டிலேயே பெரிய சத்தம் அந்தப் படியிலிருந்துதான் வரும். வெளி டீம்காரர்கள் அதைக் கேட்டே பந்தைத் தவறவிட்டிருக்கிறார்கள். ஏன் இவர்கள் மட்டும் இப்படிக் கத்துகிறார்கள் என்று நாங்கள் யோசித்ததில்லை.

அந்தப் படியின் நடுவில் உட்காருகிறவன் துலுக்கானம். மூணாம் நம்பர் பிரஸ், நூறு டன். பதினைந்து வருஷமாக அவன்தான் அதற்கு ஆபரேட்டர். நான் டைம் ஆபீஸ் கிளார்க். ஆவடி சேக்காட்டில் அவன் வீட்டை ஒட்டிய போர்ஷனில் குடியிருந்தேன். இரண்டு குடித்தனத்துக்கும் ஒரே கிணறு, நடுவில் ஒரு செங்கல் சுவர். அவன் வீட்டில் தாளிப்பது எனக்கு மணக்கும், பேசுவது எனக்குக் கேட்கும். அவன் மனைவி தாயம்மா எக்ஸ்போர்ட் சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக்கொடுப்பாள். வாசலில் எந்நேரமும் வெள்ளைச் சட்டை மூட்டை ஒன்று கிடக்கும். பத்மா என்று ஒரு பெண், ஆறாவது படித்தாள்.

எங்கள் கேப்டன் அன்வர் பாஷா, டூல் ரூம் ஆள், பூந்தமல்லிக்காரன். குள்ளம்தான், ஆனால் பந்து அவன் சொன்னதைக் கேட்கும். இடது பக்கம் பார்த்துக்கொண்டே ஓடுவான், எதிராளி எல்லாம் அந்தப் பக்கம் சாய்வார்கள், "கன்னி!" என்று ஒரு குரல் கொடுத்து, திரும்பிப் பார்க்காமலே பந்தை வலது கார்னருக்கு விடுவான். அங்கே கன்னியப்பன் கை இருக்கும். ஆறு வருஷம் எங்களுக்குச் சோறு போட்ட கார்னர் அது.

அந்தக் கார்னருக்குத்தான் ஜூலையில் ஜானகிராமன் வந்தான். பெரியகுளம் பையன், இருபத்திரண்டு வயது, ஆறடி மூன்று அங்குலம். ஆறு மாசம் டிரெயினி. அப்புறம் டாக்டர் பார்த்து ஒப்புக்கொண்டால் பர்மனென்ட், இல்லையென்றால் ஊருக்கு பஸ். "நம்ம ஊட்ல பின்னாடி ரூமு சும்மாத்தான் கீது, அங்க குந்தட்டும்" என்று துலுக்கானம் தானே முன்வந்து கூட்டிப்போனான். டீமின் புது ஆளைத் தன் வீட்டில் வைத்திருப்பதில் அவனுக்கு ஒரு கௌரவம்.

அந்தக் கௌரவம் முதல் ஆட்டத்தோடு போயிற்று.

அன்வர் பாஷா வழக்கம்போல இடது பக்கம் பார்த்துக்கொண்டே "ஜானகி!" என்று கூவிப் பந்தை விட்டான். ஜானகிராமன் கூடையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். பந்து அவன் தோளுக்குப் பின்னால் போய்க் கோட்டைத் தாண்டிச் சைக்கிள் ஸ்டாண்டில் விழுந்தது.

"புச்சு ஆளு. பழகுவான்," என்றான் துலுக்கானம்.

அடுத்ததும் அப்படியே. மூன்றாவது பந்து நேராக அவன் தோளில் மோதியது. தூக்கத்திலிருந்து எழுப்பியவன் மாதிரி அவன் திரும்பிப் பார்த்தபோது எதிராளி பந்தை எடுத்துக்கொண்டு பாதி மைதானம் போய்விட்டான்.

"இன்னா நைனா, ஆள நிறுத்திக்கிறீங்களா, லைட்டு கம்பம் நட்டுக்கிறீங்களா?" என்றான் டீக்கடை சுலைமான். ஆட்டம் நடக்கும்போது அவன் கடையில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதால் அவனும் கேலரியில்தான் இருப்பான்.

"தனியா வுட்டா போட்றாம்பா. வார்ம்-அப்புல பத்துக்கு ஒம்போது போட்டான். நான் எண்ணினேன்."

"அது ஷோ. டீமோட சேர மாட்டேன்றானே, அத்த சொல்லு."

"திமிரு மாமே. நேத்து கம்பெனி கேட்டாண்ட 'இன்னாப்பா ஜானகி'ன்னு கூப்ட்டேன். அப்டியே போய்க்கினே கீறான். நாம இன்னா மனுசன் இல்லியா?"

ஆகஸ்ட் முடிவதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. 'மரம்' என்று பெயர் வைத்தார்கள். அவன் கோர்ட்டுக்குள் வந்தாலே யாராவது ஒருவர் "தண்ணி ஊத்துங்கடா!" என்று கத்துவார்கள், படி முழுக்கச் சிரிக்கும். நானும் விடவில்லை. 'கன்னியப்பன் சட்டையைப் போட்டுக்கிட்டா கன்னியப்பன் ஆயிட முடியுமா' என்று ஒரு நாள் சொன்னேன். அந்த வாக்கியம் எனக்கே பிடித்துப்போய் நாலு பேரிடம் திருப்பிச் சொன்னேன்.

துலுக்கானம் முதலில் அடக்கி வாசித்தான். பிறகு அவன்தான் எல்லோரையும் விட உரக்கத் திட்டினான். "ஊட்ல சோறு போட்டுக்கினு இங்க இப்டித் திட்றியேப்பா" என்று கேட்டேன். "அது வேற, இது வேற, சார். சோறு போட்றது ஊடு. இது கேலரி" என்றான். திட்டிவிட்டு இருவரும் ஒரே எலெக்ட்ரிக் ரயிலில், பட்டரவாக்கத்தில் ஏறி, ஒரு வார்த்தை பேசாமல் ஆவடியில் இறங்குவார்கள்.

வீட்டில் நடந்ததெல்லாம் தாயம்மா எனக்குப் பிற்பாடு சொன்னது.

ஜானகிராமன் அவளை 'மதினி' என்று கூப்பிட்டான். "அய்யே, இன்னா மதினி குதினின்னு. அண்ணின்னு சொல்லு" என்று அவள் சிரித்தாள். அவன் மாற்றவில்லை. சாயங்காலம் வந்ததும் குளித்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன்களைச் சைஸ்வாரியாகப் பிரித்துக் கொடுப்பான். அவள் வைக்கும் காரப்பொடி மீன் குழம்பை முதல் வாரம் முள்ளுக்குப் பயந்து தொடவில்லை. மூன்றாவது வாரம் சட்டியை வழித்தான்.

சாப்பிட உட்காரும்போது அவன் எப்போதும் சுவர் தன் இடது பக்கம் வரும்படி உட்காருவதை அவள் கவனித்தாள். ஒரு நாள் பத்மா முந்திக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிட, அவன் வேறு பக்கம் உட்கார வேண்டியதாயிற்று. தாயம்மா இடப்புறமிருந்து, "இன்னும் கொஞ்சம் கொழம்பு வுடட்டா?" என்றாள். பதில் இல்லை. மறுபடி கேட்டாள். அவன் நிமிர்ந்து, அவள் வாய் அசைவதைப் பார்த்துச் சிரித்து, "ஆமாங்க மதினி" என்றான்.

"கரண்டு எப்ப போச்சு?" என்றாள், வேண்டுமென்றே.

"ஆமாங்க மதினி."

அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும். பத்து வருஷமாகத் தன் புருஷன் முகத்தில் பார்த்துவருகிற சிரிப்பு அது. காதில் விழாததை விழுந்ததாகக் காட்டிக்கொள்ளும் சிரிப்பு.

மறுநாள் துலுக்கானம் ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து, அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"எந்தக் காது? லெப்டா?"

அவன் கையிலிருந்த பட்டன்கள் தரையில் கொட்டின.

"மதினி, யார்ட்டயும் சொல்லிராதீக."

"நான் யாராண்ட சொல்லப் போறேன். எப்டி ஆச்சு?"

"சின்னதுல கெணத்துல குளிச்சு சீழ் வச்சிருச்சு. அந்தக் காதுல ஒண்ணுமே கேக்காது. காலேஜ் டீமுல நான் லெப்ட்லதான் நிப்பேன் மதினி. ஆளுக எல்லாம் வலது பக்கம் இருப்பாங்க, கூப்புட்டா கேக்கும். இங்க வலது கார்னர்ல போய் நில்லுன்னுட்டாங்க. புதுசா வந்தவன் எனக்கு அந்த இடம் வேணாம்னு எப்படிச் சொல்றது? ஏன்னு கேப்பாங்க. காரணத்தைச் சொன்னா டாக்டருக்குப் போயிரும்."

"அவ்ளோ திட்டுறானுங்களே, அது கேக்குதா?"

"அது ரெண்டு காதுலயும் கேக்குது மதினி," என்றான்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் தாயம்மா புருஷனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"உனுக்கு எப்டித் தெரிஞ்சிது?"

அவள் ஊசியில் நூலைப் பல்லால் கடித்தறுத்துவிட்டு, "தெரியும்" என்றாள். அவனும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அடுத்த ஆட்டத்தில் இரண்டாவது படியிலிருந்து புதுக் கூச்சல் ஒன்று கிளம்பியது. "அன்வரு! அவன லெப்ட்டுக்கு மாத்து!"

இடைவேளையில் அன்வர் பாஷா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேலரிக்கு வந்தான். "இன்னா அண்ணாத்தே, கேப்டன் நீயா நானா?"

"நீதான். அவன லெப்ட்ல நிறுத்திப் பாரு."

"ரைட்டு கார்னரு கன்னி நின்ன எடம். அத்த சும்மா வுடச் சொல்றியா?"

"கன்னிதான் பூட்டானே. அவன் நின்ன எடத்துக்கு இன்னாத்துக்குக் கற்பூரம் காட்டிக்கினு கீறே?"

கன்னியப்பனைப் பற்றி எங்களில் ஒருவர் அப்படிப் பேசி நாங்கள் கேட்டதில்லை. அன்வர் பாஷா முறைத்துவிட்டுப் போய்விட்டான். ஆனால் துலுக்கானம் விடவில்லை. அடுத்த மூன்று ஆட்டமும் அதையே கத்தினான். அவன் கத்துவதால் பக்கத்தில் இருந்தவர்களும் கத்தினார்கள். ஏன் லெப்ட், எதற்கு லெப்ட் என்று யாருக்கும் தெரியாது. நான் கேட்டதற்கு, "பாத்தா தெர்யல? அவன் நடைய பாரு" என்று ஏதோ சொன்னான். நானும் நடையைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தலையாட்டி வைத்தேன்.

அக்டோபர் கடைசியில், எஸ்டேட் போட்டியின் அரையிறுதி. மத்தியானமே மழை தூறிவிட்டது. சாக்குப்பை போட்டுத் தரையைத் துடைத்துத்தான் ஆட்டத்தை ஆரம்பித்தார்கள். முதல் பாதி முடிவில் பதினொரு புள்ளி பின்னால் இருந்தோம். இரண்டாம் பாதிக்கு இறங்கும்போது அன்வர் பாஷா எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஜானகிராமனின் முழங்கையைப் பிடித்து இடது பக்கம் தள்ளினான். தோற்கத்தானே போகிறோம், இதையும் பார்த்துவிடலாம் என்கிற தள்ளல்.

முதல் பந்துக்கு அன்வர் வலது பக்கம் பார்த்து ஓடினான். "ஜானகி!" குரல் முடிவதற்குள் அந்த நெட்டை உடம்பு திரும்பியிருந்தது. கை நீண்டது. பந்து கையில் ஒட்டினது தெரிந்தது, பிறகு கூடையின் வலை ஆடினதுதான் தெரிந்தது.

இரண்டாவது படியில் ஒருவன் கையிலிருந்த பொறை கீழே விழுந்தது. அதை எடுக்க அவன் குனியவில்லை.

அன்வருக்கே நம்பிக்கை வரவில்லை. வேண்டுமென்றே முதுகைக் காட்டிக்கொண்டு, சின்னக் குரலில் கூப்பிட்டுப் பார்த்தான். போய்ச் சேர்ந்தது. அப்புறம் கூப்பிடக்கூட இல்லை, 'ஜா' என்றாலே போதும் என்றாகிவிட்டது. நாலு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். ஈரத்தில் வழுக்கி விழுந்து எழுந்த ஜானகிராமனின் முழங்காலில் ரத்தம். அதை அவன் பார்க்கவில்லை. கேலரியைப் பார்த்தபடி நின்றான்.

"நான் அப்பவே சொன்னேன், ஆளு சரக்குள்ள ஆளுன்னு" என்றான் சுலைமான். கடைக்கு ஓடிப்போய் ஏலக்காய் போட்டு டீ கொண்டுவந்து அவன் கையில் திணித்தான். எல்லோருமே அப்பவே சொன்னவர்களாக ஆகிவிட்டார்கள். நான் சொன்ன வாக்கியத்தை நல்லவேளையாக யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. துலுக்கானத்தை ஆளாளுக்கு முதுகில் தட்டி, "இன்னா மூளைப்பா உனுக்கு" என்றார்கள். அவன் கூச்சத்தோடு நெளிந்தான். பைனலில் தோற்றோம். அதைப் பற்றிக்கூட ஒருவரும் பெரிதாக வருத்தப்படவில்லை. அடுத்த வருஷத்துக்கு ஆள் இருந்தது.

ஜனவரி முதல் வாரம் டாக்டர் கூப்பிட்டார். ஜானகிராமனின் பின்னால் நின்றுகொண்டு மெல்லிய குரலில் எண்களைச் சொன்னார், அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். இடது பக்கத்துக்கு இரண்டு எண்ணை ஊகத்தில் சொன்னான். மூன்றாவதற்கு, "கேக்கல சார்" என்று சொல்லிவிட்டான்.

கம்பெனி அவனை ஊருக்கு அனுப்பவில்லை. டீம் செயலாளரும் பர்சனல் ஆபீசரும் பேசிக்கொண்டார்கள். "ஆபீஸ் வேலைக்குத்தான் காது வேணும். பிரஸ் ஷாப்ல எவன் பேசுறதும் எவனுக்கும் கேக்கப்போறதில்ல. அங்க போட்டுடுங்க" என்றார் ஆபீசர். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆர்டரை டைப் அடித்தவன் நான். எனக்கும் நல்ல காரியமாகத்தான் பட்டது.

அன்று சாயங்காலம் துலுக்கானம் ஜாங்கிரிப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போனான். ஜானகிராமன் பின்னறையில் வலது காதைத் தலையணையில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு எதுவும் கேட்டிருக்காது. சுவருக்கு இந்தப் பக்கம் காபி ஆற்றிக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"இன்னாம்மே, புள்ளக்கி பர்மனென்ட் ஆயிருக்கு, மூஞ்ச இப்டி வச்சிக்கினு கீறே?"

"எங்க போட்டுக்கிறாங்க?"

"நம்ம ஷாப்புதான். என்னாண்டயே, நாலாம் நம்பர் பிரஸ்ஸு."

"அவனுக்குக் கீறது ஒரு காது."

"அதுக்கு இன்னா? நாங்கள்லாம் வேல செய்யல?"

"நீங்கள்லாம்..." தாயம்மாவின் குரல் தணிந்தது, பிறகு ஏறியது. "யோவ், உன் லெப்ட் காது செத்து எத்தினி வருசம் ஆவுது?"

"இன்னா பேசுற நீ? எனுக்கு நல்லாத்தான் கேக்குது."

"பத்து வருசமா உன் சோத்தாங்கைப் பக்கமா நின்னு பேசிக்கினு கீறேன். இன்னாத்துக்குன்னு ஒரு நாளு கேட்டியா? பத்மா கைக்கொழந்த, தூளில கெடந்து கத்துது, நீ பக்கத்துல பட்த்துக்கினு தூங்குற. புள்ள மேல ஆசயில்லன்னு நென்ச்சி நான் அன்னிக்கி அழுதேன்யா. அப்பாலதான் எனுக்குத் தெரிஞ்சிது, உனுக்குக் கேக்கவே இல்லன்னு."

ஏதோ தட்டு நகர்ந்தது.

"அந்த மிஷினு உனுக்கு ஒண்ண எடுத்துக்கிச்சி. அவனாண்ட எடுக்கிறதுக்கு மிச்சம் கீறதே ஒண்ணுதான். அதயும் போய்க் குட்த்துட்டு வரச் சொல்லி ஜாங்கிரி வேற வாங்கியாந்துக்கிறே."

துலுக்கானம் வெளியே வந்து கிணற்றடியில் நின்றான். நான் என் பக்கத்துக் கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்தான். எனக்குக் கேட்டுவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. ஒரு வாளி தண்ணீரை இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

மறுநாள் காலை மஸ்டர் ரோல் எடுத்துக்கொண்டு பர்சனல் ஆபீசர் அறைக்குப் போனபோது துலுக்கானம் அங்கே நின்றிருந்தான். யூனிபாரத்தின் மேல் பட்டன் வரை போட்டிருந்தான்.

"ஜானகிராமன பிரஸ் ஷாப்ல போடாத சார்."

"ஏன்ப்பா? உங்க ஆளுதானே? ஏதாவது சண்டையா?"

"சண்ட இல்ல சார். அவனுக்கு ஒரு காதுதான் கீது. அதுவும் பூடும்."

"போயிடும்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ பதினஞ்சு வருஷமா அங்கதானே இருக்கே?"

துலுக்கானம் என்னைப் பார்த்தான், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். ஒரு ஆபரேட்டர் அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று எங்கள் மூவருக்குமே தெரியும்.

"எனுக்குப் பூட்சி சார். லெப்ட்டு சுத்தமா கேக்காது. ரைட்டும் இப்ப கொறஞ்சிக்கினு வர்து."

ஆபீசர் பேனாவை மூடினார். "துலுக்கானம், நீ இப்படிச் சொன்னதுக்கப்புறம் உன்னை மூணாம் நம்பர்ல நிறுத்த முடியாது. மெஷின்ல சத்தம் மாறினா உனக்குத் தெரியணும். நாளைக்கு உன் கை போனா நான்தான் பதில் சொல்லணும்."

"தெர்யும் சார்."

"ஆபரேட்டரா இருந்துட்டு டிஸ்பாட்ச்ல மூட்டை எண்ணுவியா?"

"எண்றேன் சார். அவன வுட்று."

ஒரு வாரத்தில் இரண்டு ஆர்டர் அடித்தேன். ஜானகிராமன் ஸ்டோர்ஸுக்கு. துலுக்கானம் டிஸ்பாட்ச்சுக்கு, ஹெல்ப்பராக. அந்த இரண்டாவது தாளை அடிக்கும்போது மூன்று தடவை தப்புப் போட்டுக் கிழித்தேன். ஜானகிராமன் விஷயம் தெரிந்து, டிஸ்பாட்ச் வாசலில் வந்து நின்று அழுதான். "போடா, போய் பிராக்டிஸ் பண்ணு" என்று துலுக்கானம் அவனை விரட்டிவிட்டான். இரண்டு மாதம் கழித்துப் பிரஸ் ஷாப்புக்குக் காதில் வைக்கும் ரப்பர் குமிழ் ஒரு பெட்டி வந்தது. முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வைத்துக்கொண்டார்கள்.

ஜானகிராமன் அதன் பின் ஒன்பது சீசன் எங்களுக்கு ஆடினான். தொண்ணூற்றேழில் கம்பெனி டீமைக் கலைக்கும்வரை இடது பக்கம் அவனுடையதாக இருந்தது.

டிஸ்பாட்ச்சுக்கு மாற்றின ஆர்டர் வந்த பிறகு துலுக்கானம் இரண்டு ஆட்டத்துக்கு வரவில்லை. மூன்றாவதற்கு வந்தான். மார்ச் மாத வெயில், படி சுட்டது. டிஸ்பாட்ச் ஆள் இரண்டாவது படியில் உட்காரலாமா என்று தயங்கிக் கீழே நின்றான். நடுவில் அவன் இடம் காலியாகவே இருந்தது. போய் உட்கார்ந்தான். சுலைமான் அவன் இடது பக்கம் வந்து குந்தி, ஏதோ சொன்னான்.

துலுக்கானம் சிரிக்கவில்லை. தலையையும் ஆட்டவில்லை.

"சுலைமானு, அந்தக் காது செத்துப்போச்சுபா. இப்டிக்கா வந்து சொல்லு."

எல்லோருக்கும் கேட்கும்படி, கேலரிக் குரலில்தான் சொன்னான். சுலைமான் எழுந்து அவன் வலது பக்கம் போனான். அங்கே உட்கார்ந்திருந்த முனியன், அஞ்சாம் நம்பர் பிரஸ் ஆள், நகராமல் கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்தான்.

"அப்ப நான் அந்தாண்ட வர்றேன். எனுக்கும் லெப்ட்டு கேக்காது."

அவன் இடம் மாறியதும் அவனுக்கு அடுத்தவன், "டேய், அப்ப என்னாண்ட யாரு பேசுறது? எனுக்கும் அதே பக்கம்தான்" என்றான். ஓரத்தில் இருந்த ஒருவன் தனக்கு இரண்டுமே பாதிதான் என்று சொல்ல, அவனை எங்கே உட்கார வைப்பது என்று ஒரு சண்டை வந்தது. ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு, டீ கிளாஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தப் படி முழுக்க எழுந்து நின்றது. கீழே விசில் ஊதிவிட்டார்கள். ஆட்டம் ஆரம்பித்து இரண்டு கூடை விழுந்த பிறகும் அவர்கள் இடம் மாறிக்கொண்டேதான் இருந்தார்கள்.